வாவிக்கரையில் மகளுக்கொரு வீடு

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனை நினையாதவர் இலர். எருமைத் தயிரை நினைப்பவரும் பலர். நாமும் அவ்விரண்டையும் எண்ணிக்கொண்டே சித்திரை விடுமுறையில் எமது மகளுடன் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். அவளுக்கு வயது ஒன்பது. பல்கலைக்கழகத்தில் எம்மோடு ஒரே அறையில் தங்கிப் பயின்ற தோழியார் ஒருவர் களுவாஞ்சிக்குடிக்கு அண்மையில் வாழ்கிறார். அவருக்கும் ஒரே மகள். அவளுக்கும் அதே வயது. "பிள்ளைகள் ரெண்டும் ஒண்டையொண்டு காண வேண்டாமா?" என்று ஆண்டுதோறும் அவர் அழைப்பார், ஆண்டுதோறும் நாம் தவணை சொல்வோம். இம்முறை அவர் வேறொரு காரணம் சொல்லி அழைத்தார்.

"மகளுக்கு வீடு கட்டுறன். நிலை வைக்கிற நாளைக்காவது வந்து நில்லுங்க" என்றார்.

ஒன்பது வயதுச் சிறுமிக்கு வீடா என்று வியந்தோம். அந்த வியப்பே எம்மைப் பேருந்தில் ஏற்றியது.

எழுவானும் படுவானும்

இரவுப் பயணம். வாழைச்சேனையை அடையும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. மட்டக்களப்பு நகரில் இறங்கி வேறு பேருந்து ஏறினோம். கல்லடியில் வாவியைக் கடந்தபோது எமது மகள் சாளரத்தோடு ஒட்டிக்கொண்டாள். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம் ஒருபுறம். அதனருகே 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலம். கீழே நீர் அசைவற்றுக் கிடந்தது. முழுநிலா இரவுகளில் இப்பாலத்தடியில் தோணியிலிருந்து துடுப்பைக் காதிலே வைத்துக் கேட்டால் நீருக்குள்ளிருந்து இன்னிசை எழும் என்பர். ஊரிகள் எழுப்பும் ஒலி என்பாரும் உளர். மீன் என்பாரும் உளர். பாலத்துக்கு அப்பால், சுவாமி விபுலாநந்தர் வளர்த்த சிவானந்த வித்தியாலயம். 1947 ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியாரின் சமாதியும் அங்கேயே உளது.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி நாட்டை இரு கூறாக்கி நிற்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்கரை எழுவான்கரை; அங்குதான் ஞாயிறு எழுகின்றது. மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. அங்குதான் ஞாயிறு படுகின்றது. இவ்விரு பெயர்களைக் கேட்டதும் எமது மகள், "அப்போ இங்க ஆக்களுக்குத் திசை மறக்காது அம்மா" என்றாள். புவியியல் கற்பிப்போர் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

எழுவான்கரை வீதியில் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் வருகின்றன. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருதல் இக்கரையின் இயல்பு. வீதியோரங்களில் மரமுந்திரிப் பழம் சிவந்து தொங்கிற்று. வேலிக்குமேல் தலைநீட்டிப் பார்த்தால் பெரும்பாலான வளவுகளில் ஒரு வீடு மட்டும் இல்லை. இரண்டு, மூன்று என நெருங்கி நிற்கின்றன. அதன் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை.

அம்மம்மாவின் வளவு

தோழியாரின் வளவுக்குள் நுழைந்ததும் ஒரு முதுமகள் விறாந்தையிலிருந்து எழுந்து வந்து எமது மகளின் இரு கன்னங்களையும் கையால் ஏந்தினார். "வா மனே, வா. களைச்சுப் போய் வந்திருக்காய்" என்றார். ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளையை 'மனே' என்றழைப்பது இந்நாட்டு வழக்கு. அவர் தோழியாரின் தாயார்.

வளவின் நடுவே ஓடு வேய்ந்த பழைய வீடு. அதற்குப் பின்னால், கிணற்றுக்கு அப்பால், ஓர் அறையும் குசினியும் கொண்ட சிறு குடில். முன்புறத்தில், தென்னைகளுக்கிடையே புதிய அத்திவாரம். அதன்மேல் இடுப்பளவு சுவர். முதுமகள் மூன்றையும் எமக்குச் சுட்டிக் காட்டினார்.

"இந்தப் பெரிய வீடு என்ர அம்மா எனக்குத் தந்தது. நான் இவவுக்குக் குடுத்துப்போட்டுப் பின்னால போனன். இப்ப இவ தன்ர மகளுக்குக் கட்டுறா. எல்லாம் இந்த ஒரு கிணத்துத் தண்ணிதான்."

மட்டக்களப்பு வாவி நாட்டின் இல்லற வாழ்வு முழுவதும் அந்த நான்கு வாக்கியங்களுள் அடங்கிவிட்டது. மணமான பின்னர் பெண் புகுந்தகம் செல்வதில்லை. ஆண்மகனே பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்குத் திருமணமானதும் தாயும் தந்தையும் தம் வீட்டை அவளுக்கு விட்டு, எஞ்சிய பிள்ளைகளுடன் அருகிலேயே வேறொரு வீடு அமைத்துக் குடிபெயர்வர். அடுத்த மகளுக்கு அந்த வீடு. ஆகவே அக்காள் தங்கையர் வேலிக்கு வேலி அடுத்தடுத்து வாழ்கின்றனர். காய்ச்சல் என்றால் கூப்பிடு தொலைவில் தாய். பிள்ளைப்பேறு என்றால் அடுத்த வாசலில் தமக்கை.

தோழியாரின் கணவர் படுவான்கரையில் பிறந்தவர், கமக்காரர். "இருபது வருசமாகியும் இந்த ஊரில நான் வந்தேறி ஆள்தான்" என்று நகைத்துக்கொண்டு தேநீர் கொணர்ந்தார். அந்த நகைப்பில் குறை ஏதும் தொனிக்கவில்லை.

குடியும் வயிற்றுவாரும்

இது வெறும் வசதிக்காக ஏற்பட்ட வழக்கமன்று. இந்நாட்டில் ஒருவர் எந்தக் குடியைச் சார்ந்தவர் என்பது தாயைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தந்தையின் குடி வேறு. பிள்ளைகளின் குடி வேறு. குடியின் உட்கிளையை 'வயிற்றுவார்' என்பர். ஒரு தாயின் வயிற்றிலிருந்து இறங்கிவரும் வழி என்பது பொருள். இதைவிடத் தெளிவான சொல்லைச் சட்டநூலார் ஆக்கியிருக்க முடியுமா? கோயில்களிலும் குடிகளுக்கே உரிமை. திருவிழா நாட்கள் குடிகளுக்கிடையே பகிரப்பட்டிருத்தலை இக்கரையெங்கும் காணலாம். முஸ்லிம் மக்களிடையேயும் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைக்கும் வழக்கும் நிலவுகின்றன. மதம் இரண்டாயினும் தாய்வீட்டு வழக்கு ஒன்றே.

மருமக்கள் வழியாகச் சொத்து இறங்கிய பண்டைய முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் 1876 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். காலப்போக்கில் பொதுச்சட்டம் அவ்வழமையின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் இக்குடிமுறையை விரிவாக எழுதியுள்ளார். வழமை நீதிமன்றத்திலிருந்து வெளியேறினும் வளவுக்குள்ளிருந்து வெளியேறவில்லை.

நிலை வைத்த நாள்

மறுநாட் காலை நல்லவேளையில் நிலை வைத்தனர். மேசனார் வாசல் நிலையை நிமிர்த்திப் பிடிக்க, அம்மம்மா தோழியாரின் மகளை அழைத்தார். சிறுமி பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நிலையின் இரு பக்கமும் சந்தனமும் குங்குமமும் இட்டாள். அயல் வீட்டுப் பெண்கள் நாவசைத்துக் குரவையிட்டனர். எமது மகள் குரவையொலியை அதற்குமுன் கேட்டதில்லை. முதலில் வெருண்டாள், பின்னர் தானும் முயன்று பார்த்துத் தோற்றாள்.

தோழியாரை நாம் தனியே கேட்டோம்: "ஒன்பது வயதுதானே? இப்போதே ஏன் இந்தச் சுமை?"

அவரும் எம்மைப் போல ஆசிரியர். அவர் விடை ஆசிரியரின் கணக்காகவே இருந்தது. "சம்பளத்தில மிச்சம் பிடிச்சு ஒரேயடியாக் கட்ட ஏலாது. ஒரு வருசம் அத்திவாரம். சீட்டு விழுந்தால் சுவர். நகையை அடைவு வச்சால் கூரை. பத்து வருசம் எடுக்கும். மகளும் வளர வீடும் வளரட்டும்."

"படிப்பு?"

"படிப்பும் குடுப்பன். படிப்பை ஆரும் பறிக்க ஏலாது எண்டு நீங்க சொல்லுவீங்க. அது உண்மை. ஆனால் மழைக்கு ஒதுங்க ஒரு இடம் வேணுமே. நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால், 'வெளிய போ' எண்டு அவளுக்குச் சொல்ல ஆருக்கும் உரிமை இருக்கக் கூடாது."

அம்மம்மா அருகிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு இக்கரையை அழித்த சூறாவளியை அவர் சொன்னார். அவருடைய மூத்த மகன் அப்போது கைக்குழந்தை. ஓடுகள் பறந்தன, தென்னைகள் முறிந்து வீழ்ந்தன, குழந்தையை மேசைக்கடியில் வைத்து மேலே தாம் கவிழ்ந்து கிடந்தாராம். விடிந்தபோது சுவர் மட்டுமே நின்றது. அவருடைய தாயார் கழுத்திற் கிடந்ததை விற்று அவ்வீட்டுக்கு மறுபடி கூரை போட்டார். "குடுத்த வீட்டைக் கூரை இல்லாமல் விடலாமா?" என்று அவர் கேட்டாராம்.

கூரை ஏறினால் அம்மா வருவா

இத்துடன் நிறுத்தியிருந்தால் வாவிநாட்டின் புகழ் பாடிவிட்டு ஊர் திரும்பியிருப்போம். ஆனால் இரு பிள்ளைகளுடனும் விளையாட வந்த அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி எம் வாயை அடைத்துவிட்டாள்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும். தன் வீட்டை எமக்குக் காட்ட அழைத்துச் சென்றாள். சுவர் எழுந்து பூசாமல் நின்றது. சாளரங்களுக்கு இன்னும் கதவில்லை. "அம்மா குவைத்தில. அத்திவாரம் போடேக்குள்ள நான் ரெண்டாம் வகுப்பு. இனிக் கூரை மட்டுந்தான். கூரை ஏறினால் அம்மா வந்திருவா" என்றாள். தொலைபேசியில் நாள்தோறும் தாயாருக்குச் சுவரைக் காட்டுவாளாம். எத்தனை வரிசைக் கல் ஏறிற்று என்று தாயார் கேட்பாராம்; இவள் எண்ணிச் சொல்வாளாம்.

தாய் வரும் நாளை அப்பிள்ளை சுவரின் உயரத்தால் அளந்துகொண்டிருந்தாள்.

இக்கரையிலிருந்து எத்தனையோ தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை: மகளுக்கு வீடு. 2013 ஆம் ஆண்டு அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் விதியைக் கொணர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் செல்வதைத் தடுத்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. விதி இருந்தாலென்ன, தளர்ந்தாலென்ன? வெளிநாடு செல்லாதோர் நுண்கடன் பெறுகின்றனர். கிழமைதோறும் தவணைக்காரர் படலையில் நிற்கிறார். வீடில்லாப் பெண்ணுக்கு வரன் வராது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டமையே காரணம். அன்று கிடுகும் களிமண்ணும் கொண்டு உறவினர் கூடிக் கட்டியது. இன்று சீமெந்தும் ஓடும் நிலத்தில் பதித்த மாபிளும் கேட்கிறார்கள். மகளுக்கு அரணாகப் பிறந்த வழக்கம் மாப்பிள்ளைக்கு விலையாக மாறும்போது, பிள்ளையை வளர்க்கவேண்டிய தாய் பிள்ளையை விட்டு வீட்டை வளர்க்கப் போகிறாள்.

இதனைத் தோழியாரிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. "அதுதான் நான் மெதுவாக் கட்டுறன்" என்று மட்டும் சொன்னார்.

கடலும் காகிதமும்

திரும்புவதற்கு முதல்நாள் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குச் சென்றோம். வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே 'பாதை' என்றே அழைக்கின்றனர். நீரின்மேல் செல்லும் பாதை! மனிதரும் ஈருருளிகளும் மீன்கூடைகளும் ஒன்றாகக் கடந்தோம். மண்டூர் முருகனைத் தரிசித்துவிட்டு, அன்று மாலையே கல்லடிக் கடற்கரைக்கும் போனோம். அங்கே திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சரிந்து நின்றதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார் தோழியார். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை செய்த வேலை அது. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த நாவலடி முதலிய ஊர்கள் அன்று ஒரு காலைப்பொழுதில் துடைத்தெறியப்பட்டன. பெண்களின் வீடுகள் அவை, தாய்வழியாக வந்தவை.

அதன் பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தன. விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. அதிலே கணவனின் பெயர் எழுதப்பட்டது. இவ்வாறு, தாய் மகளுக்குக் கொடுத்த வீடு கடலில் போய், அதற்கு ஈடாக வந்த வீடு பல இடங்களில் ஆணின் பெயரில் வந்து சேர்ந்தது. எவரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று. வேறோர் ஊரின் வழக்கத்தை அறிந்தவர் ஆக்கிய படிவம் அது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போது குரலெழுப்பின.

படுவான்கரையில் குடியேற்றக் காணிகளின் கதையும் இவ்வாறானதே. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிடின் பிள்ளைகளுள் ஆண்மகனே முந்துவான். தாய்வழியே நிலம் வந்த நாட்டில் இச்சட்டம் ஏறக்குறைய 87 ஆண்டுகள் நின்று, 2022 ஆம் ஆண்டிலேயே ஆண் பெண் வேறுபாடு நீங்கத் திருத்தப்பட்டது. வழக்கம் எத்துணை நன்றாயினும் காகிதத்தில் பெயர் இல்லாவிடில் அது நீர்மேல் எழுத்தே.

எமது உறுதி

இவ்விடத்தில் எமது கதையையும் ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாமும் சீதனக் காணி உடையோம். தாயார் எமக்கு எழுதியது. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமை எம்மைக் கட்டும். மனைவியின் அசையாச் சொத்தாயினும், அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அதன் விதி. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதை நிலைநிறுத்திற்று. சில ஆண்டுகளுக்கு முன் மகளின் மருத்துவச் செலவுக்காக அக்காணியில் ஒரு துண்டை ஈடுவைக்க முயன்றோம். எமது கணவர் அப்போது கடல்கடந்து பணிபுரிந்தார். அவர் மறுக்கவில்லை, ஆனால் அவருடைய கையொப்பம் உரிய முறையில் வந்து சேர எட்டு மாதம் சென்றது. எமது காணி, எமது பிள்ளை. எனினும் எமது கையொப்பம் போதவில்லை. தோழியாருக்கோ இத்தடை இல்லை. மணமான பெண்ணின் சொத்துப் பற்றிய 1923 ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் அவரைச் சாரும், எம்மைச் சாராது.

பயணத்தின் கடைசி இரவு பிள்ளைகள் இருவரும் புதிய நிலைக்குள் பாய்விரித்துப் படுத்து விண்மீன் எண்ணினர். கூரையில்லா வீட்டில் அதுவே வசதி. அப்போது எமது மகள் கேட்டாள்: "அம்மா, இது இவவின்ர வீடு. என்ர வீடு எங்க?"

உனக்குப் படிப்பே வீடு என்று சொல்ல வாயெடுத்தோம். வகுப்பறையில் பலமுறை சொன்ன விடை அது, பொய்யன்று. ஆயினும் அன்று அது நாவில் ஏறவில்லை. "ஊருக்குப் போனதும் காட்டுறன்" என்றோம்.

ஊர் திரும்பியதும் பெட்டியிலிருந்து உறுதியை எடுத்தோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே எழுந்து மழையில் நடந்தபோது, எமது தாயார் ஒரு கையில் எம்மையும் மறு கையில் இவ்வுறுதி வைத்த பையையும் பற்றிக்கொண்டு வந்தார். சோற்றுப் பானையைக்கூட வழியில் விட்டார், பையை விடவில்லை. மடிப்புகளில் கிழிந்த அத்தாளை மகளுக்கு வாசித்துக் காட்டினோம். வடக்கே ஒழுங்கை, கிழக்கே வேலி, உள்ளிருக்கும் கிணறு, பனை, மா என்று எல்லைகளைக் கேட்கக் கேட்க அவள் கண் விரிந்தது. அம்மம்மாவின் பெயரை விரலால் தொட்டாள். எமது பெயரைத் தொட்டாள்.

"அடுத்தது?" என்றாள்.

அவள் அதில் வீடு கட்டுவாளோ, காணியைக் கொண்டு மேற்படிப்புப் படிப்பாளோ, வேற்றூரில் வாழ்வாளோ, நாம் அறியோம். மாப்பிள்ளைக்கு விலையாக அதை எண்ணப்போவதில்லை என்பதை மட்டும் வாவிக்கரையில் உறுதிசெய்துகொண்டோம். அவளை விட்டுப் பிரிந்து அவளுக்கு வீடு தேடப்போவதுமில்லை. அடுத்த கிழமை நொத்தாரிசிடம் சென்று அவள் பெயரில் நன்கொடை உறுதி எழுதுவதாக இருக்கிறோம். கணவரின் கையொப்பத்துக்கு இம்முறை முன்னதாகவே எழுதிவிட்டோம்.

தோழியாரிடமிருந்து நேற்றுத் தொலைபேசி வந்தது. அவர் வீட்டுச் சுவர் இன்னும் இரண்டு வரிசை உயர்ந்திருக்கிறதாம். அயல்வீட்டுக்கு ஓடு வந்து இறங்கியிருக்கிறதாம். அச்சிறுமி இரு நாளாகப் படலையில் நிற்கிறாளாம்.